தையலில் இருக்கும் ஊர்



பலஸ்தீன மக்களுக்காக நாங்கள் துஆக் கேட்கிறோம். பிள்ளைகளின் தோளில் கறுப்பு வெள்ளைச் சால்வையும் போட்டு விடுகிறோம். அந்த மக்களின் இன்னொரு துணியைப் பற்றி நாங்கள் பேசுவது குறைவு. அதுதான் தத்ரீஸ்: புள்ளடி புள்ளடியாக நூல் கோத்துச் செய்யும் பூவேலை.

1948க்கு முன்னர் கிராமத்துப் பெண்கள் தங்கள் நீண்ட அங்கியைத் தாங்களே தைத்தார்கள். உம்மாவைப் பார்த்து மகள் பழகினாள். றமல்லாவில் வெள்ளைத் துணியில் சிவப்பு நூல், பெத்லஹேமில் பொன், வெள்ளி இழை. ஒரு பெண் எந்தப் பகுதியைச் சேர்ந்தவள் என்று அவளுடைய அங்கியே சொல்லிவிடும். யாஃபாவுக்கு அருகிலிருந்த பைத் தஜன், தையலுக்குப் பேர்போன ஊர்.

1948 நக்பாவில் சுமார் 7 இலட்சம் பேர் அகதிகளானார்கள். 400க்கும் மேற்பட்ட கிராமங்கள் ஆளில்லாமல் போயின. பைத் தஜனும் அதிலொன்று.

அகதி முகாமில் இந்தத் தையல் ஒரு தொழிலாயிற்று. 1950இல் ஐ.நா. அகதிகள் நிறுவனம் காஸாவில் சுலாஃபா தையல் திட்டத்தை ஆரம்பித்தது. 1969இல் லெபனானில் இன்ஆஷ் சங்கம் தோன்றி முகாம் பெண்களுக்குத் தையல் வேலை கொடுத்தது. முழு அங்கி தைக்க மாதக்கணக்காகும், விலையும் கூடும். அதனால் அதே கோலங்கள் தலையணை உறையிலும் கைப்பையிலும் வந்தன. கடல் கடந்த நாடுகளில் உள்ளவர்கள் அவற்றை வாங்கினார்கள்.

இதை ஸதகா என்று நினைத்துவிடக் கூடாது. தைத்தவளுக்குக் கிடைத்தது அவளுடைய உழைப்பின் கூலி. வாங்கியவரின் வீட்டுக்குப் போனது, இழந்த ஊரொன்றின் கோலம். முன்பின் பார்த்திராத இரண்டு குடும்பங்களை அந்தத் துணி சேர்த்து வைத்தது.

1987இல் இன்திபாழா தொடங்கியபோது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் பலஸ்தீனக் கொடிக்குத் தடை இருந்தது. பெண்கள் கொடியின் நிறங்களையும் நாட்டின் வரைபடத்தையும் அங்கியில் தைத்து உடுத்தார்கள். கையில் பிடித்த கொடியைப் பறிக்கலாம், உடுத்த அங்கியை என்ன செய்வது? 2021இல் யுனெஸ்கோ தத்ரீஸை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

சால்வை போடும் பிள்ளைக்கு ஒரு ஊரின் பெயரையாவது சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம். பைத் தஜன் என்று தொடங்கலாம். பெயர் தெரியாத ஊருக்காக எத்தனை நாளைக்குத்தான் கவலைப்பட முடியும்?