நைவாஷா ஏரிக்கரைப் பண்ணை வீடுகள்

வனவிலங்குகளைக் காணச் செல்லும் உல்லாசப் பிரயாணத்தைச் ‘சபாரி’ என்று இன்று உலகெங்கும் வழங்குகிறார்கள். கீழை ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலோ அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். வடநாட்டில் வாழும் நம்மவர் அடிக்கடி கேட்கும் ‘சஃபர்’ என்னும் சொல்லும் அதுவும் ஒரே அரபு மூலத்திலிருந்து பிறந்தவை. பயணமென்றால் இராத் தங்கலும் வேண்டுமன்றோ? கென்யா நாட்டில் அத்தகைய தங்கல்களுள் சரித்திரச் சுவை மிக்கவை நைவாஷா ஏரிக்கரையிலுள்ள பழைய பண்ணை வீடுகள்.

நைரோபி நகருக்கு வடமேற்கே, பெரும் பிளவுப் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,880 மீட்டர் உயரத்தில் இந்த நன்னீர் ஏரி அமைந்துள்ளது. கரையெங்கும் பாப்பிரஸ் கோரை; மஞ்சள் பட்டை வேல மரங்கள்; அவற்றின் உச்சியில் மீன்பிடிக் கழுகுகள். இரவில் நீர்யானைகள் கரையேறி, விடுதியின் புல்வெளியிலேயே மேயும். ஆதலின் இருட்டியபின் காவலாள் துணையின்றி விருந்தினர் வெளியே நடப்பதில்லை.

இந்நிலம் முன்னாளில் மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். நைவாஷா என்ற பெயரே அவர்கள் மொழியில் அலைமோதும் நீரைக் குறிக்கும் சொல்லின் திரிபாகும். 1896-ல் ஆங்கிலேயர் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போடத் தொடங்கினர். 1901-ல் அது விக்டோரியா ஏரியை எட்டியது. அதற்கென இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் சுமார் 32,000 பேர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். அப்பாதை நைவாஷா வழியாகவே சென்றது.

ரயிலைத் தொடர்ந்து வெள்ளைக் குடியேறிகள் வந்தனர். 1904-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மாசாய் மக்கள் இப்பள்ளத்தாக்கை விட்டு, வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கே மற்றோர் ஒதுக்கு நிலத்துக்கும் அகன்றனர். அவர்கள் இனம் உள்ளளவும் அந்த ஏற்பாடு நிலைக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1911-ல், வேறோர் உடன்படிக்கையால் லைக்கிப்பியாவையும் அவர்கள் இழந்தனர். 1913-ல் அவர்கள் தொடுத்த வழக்கு, நீதிமன்றத்தின் வரம்புக்கு அப்பாற்பட்டதென்று தள்ளுபடியாயிற்று.

பாதை அமைத்த இந்தியர் நிலையும் நோக்கத்தக்கது. இம்மேட்டு நிலங்களில் பண்ணை நிலம் பெறும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1923-ல் கென்யா இந்தியரின் உரிமைகளுக்காக வாதாட லண்டன் சென்ற தூதுக்குழுவின் தலைவர், வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஆயினும் அவ்வாண்டு வெளியான வெள்ளை அறிக்கை, மேட்டு நிலம் ஐரோப்பியருக்கே என்று உறுதி செய்தது. மிதவாதியான சாஸ்திரியாரின் உள்ளத்தையும் அத்தீர்ப்பு பெரிதும் வருத்திற்று.

இப்பின்னணியில் எழுந்தவையே ஏரிக்கரை மாளிகைகள். மேற்குக் கரையிலுள்ள லோல்டியா இல்லம் இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்க் கைதிகளின் கையால் கட்டப்பட்டது. தென்கரையிலுள்ள எல்சாமியர், எல்சா என்னும் பெண் சிங்கத்தின் கதையை 1960-ல் நூலாக வெளியிட்ட ஜாய் ஆடம்சனின் இல்லம். 1980-ல் அவர் கொலையுண்டபின் அது காட்சிசாலையும் தங்கும் விடுதியுமாயிற்று. 1937 முதல் சில காலம், இங்கிலாந்திலிருந்து வந்த பறக்கும் படகுகள் இவ்வேரி நீரில் வந்திறங்கியதும் உண்டு.

1963 டிசம்பர் 12-ஆம் நாள் கென்யா விடுதலை பெற்றது. பண்ணைகள் பல கை மாறின. சில பயணியர் விடுதிகளாயின. பிற்காலத்தில் ஏரியைச் சுற்றிப் பெரும் மலர்த் தோட்டங்களும் தோன்றி, ஐரோப்பியச் சந்தைகளுக்கு ரோஜாவை அனுப்பலாயின.

இத்தகைய வீட்டில் தங்கும் விருந்தினருக்குத் தாழ்வாரத்தின் அழகும் ஏரியின் காட்சியும் எளிதில் புலப்படும். அத்தாழ்வாரத்திலிருந்து காணும் புல்வெளியில் மாடு மேய்த்தவர் யார், அங்கு வரும் பாதையை அமைத்தவர் யார், சுவரை எழுப்பியவர் யார் என்பதையும் அவர் அறிந்திருத்தல் நலம். பிழைப்பை நாடி வேற்றூரில் வாழும் நமக்கு அவ்வினாக்களின் பொருள் எளிதில் விளங்கும்.