தண்டின் முனையில் ஒரு காந்தம்

மின்மோட்டாரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஃபாரடேயில் தொடங்குவார்கள். நான் அந்தப் பெரிய கதைக்குள் போகவில்லை. அதன் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுழலும் தண்டு இந்த நொடியில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று யார் சொல்வது? கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேடிப் பழகியவன் நான். எனக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கேள்வி சின்னது, விடை தெரியாவிட்டால் மோட்டார் ஓடாது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் தரவேண்டும் என்பது தண்டு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. நேரம் தவறினால் முன்னே தள்ளவேண்டிய விசை பின்னே இழுக்கும்.

பழைய டி.சி. மோட்டாரில் இதற்குத் தனிக்கருவி தேவைப்படவில்லை. பாரீசில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டவர் செனோப் கிராம், அடிப்படையில் ஒரு தச்சர். அவர் 1871-இல் தமது டைனமோவை பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். 1873-இல் வியன்னா கண்காட்சியில் அதே இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தபோது அது மோட்டாராகச் சுழன்றது. அந்த வகை இயந்திரத்தில் கம்யூட்டேட்டர் என்ற செப்புத் துண்டுகளின் வளையம் தண்டோடு சேர்ந்து சுற்றும். அதன்மேல் பிரஷ்கள் உரசிக்கொண்டிருக்கும். தண்டு எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற சுருளுக்கு மின்சாரம் தானாகவே போய்விடும். எளிய ஏற்பாடுதான். ஆனால் பிரஷ் தேயும், பொறி பறக்கும், கரித்தூள் சேரும். மிக்சி ரிப்பேர் செய்தவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த கட்டம் பனாமா. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு லெசெப்ஸ் என்றால் சூயஸ் கால்வாய். அதே லெசெப்ஸின் பனாமாக் கம்பெனி 1889-இல் திவாலானது. பின்னர் அமெரிக்கர்கள் வேலையை எடுத்து முடிக்க, 1914 ஆகஸ்ட் 15-இல் கால்வாய் திறக்கப்பட்டது. அங்கே கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளின் கதவுகளும் வால்வுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது கட்டுப்பாட்டு அறையின் மேசையில் தெரியவேண்டும். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி செய்து கொடுத்த ஏற்பாட்டில் கதவை இயக்கும் இயந்திரத்தோடு ஒரு சிறு சுருள் இயந்திரம் இணைக்கப்பட்டது. மேசையில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டையும் கம்பிகள் இணைத்தன. அங்கே ஒன்று எவ்வளவு திரும்புகிறதோ, இங்கே மற்றொன்றும் அவ்வளவு திரும்பும்.

இந்தக் குடும்பத்தில் வந்ததுதான் ரிசால்வர். ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு சுருள்கள், தண்டின் கோணத்துக்குரிய சைனையும் கோசைனையும் மின்னழுத்தமாகத் தரும். சூட்டையும் அதிர்ச்சியையும் தாங்கும் உறுதியான கருவி. ஆனால் செய்வது பாடு. மயிரிழை போன்ற செப்புக் கம்பியைக் கணக்குப் பிசகாமல் சுற்றவேண்டும், நடுவில் சுழலும் பாகத்துக்கும் சுருள் வேண்டும், மையம் துல்லியமாக அமையவேண்டும். ஆகவே விலை அதிகம். பீரங்கிக்கும் விமானத்துக்கும் அது கட்டுப்படியாயிற்று, வீட்டுச் சாமானுக்கு ஆகவில்லை. பின்னாளில் சுருள் எல்லாவற்றையும் வெளிப்பாகத்திலேயே வைத்துவிட்டு, சுழலும் பாகத்தைப் பூவிதழ் வடிவில் வெட்டிய இரும்புத் தகடுகளின் அடுக்காக மாற்றினார்கள். பாதிச் சுருள்வேலை குறைந்தது. மின்சாரக் கார்களின் மோட்டார்களில் இந்த வகை இன்றும் உண்டு.

இன்னொரு வழி ஒரு மாணவரின் சந்தேகத்தில் பிறந்தது. கம்பியில் மின்சாரம் ஓடும்போது காந்தத்தின் விசை கம்பியின்மேல்தான் செயல்படுகிறது, மின்னோட்டத்தின்மேல் அல்ல என்று மாக்ஸ்வெல் தமது நூலில் எழுதியிருந்தார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த எட்வின் ஹாலுக்கு அது சரியாகப் படவில்லை. 1879-இல் கண்ணாடிமேல் ஒட்டிய தங்க இலையில் மின்சாரம் செலுத்தி, காந்தத்தின் நடுவே வைத்தார். இலையின் குறுக்கே மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றியது. ஆசிரியர் ரோலண்டின் ஊக்கத்தோடு அந்த மாணவர் கண்டதைத்தான் இன்று ஹால் விளைவு என்கிறோம்.

உலோகத்தில் அந்த அழுத்தம் மிகவும் குறைவு. எனவே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அது ஆய்வகத்தை விட்டுப் பெரிதாக வெளியே வரவில்லை. 1950-களில் ஜெர்மனியின் சீமென்ஸ் கம்பெனியில் ஹைன்ரிக் வெல்க்கர் இண்டியம் ஆன்டிமனைடு போன்ற புதிய குறைகடத்திகளை ஆராய்ந்த பிறகுதான் கைக்கு எட்டும் அளவு அழுத்தம் கிடைத்தது. அடுத்து, சிலிக்கான் சில்லிலேயே ஹால் உறுப்பையும் அதன் பெருக்கியையும் சேர்த்துப் பதித்தார்கள். 1968-இல் அமெரிக்காவின் ஹனிவெல் அதை முதலில் பயன்படுத்தியது மோட்டாரில் அல்ல, விசைப்பலகையில். சாவியை அழுத்தினால் உள்ளே ஒரு காந்தம் இறங்கும், சில்லு அதை உணரும். தட்டச்சு இயந்திரத்தோடு விரல் நோகப் போராடிய எங்கள் தலைமுறை எழுத்தர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விடலாம்!

இதற்கிடையே, பிரஷ் இல்லாமல் டிரான்சிஸ்டர்களாலேயே மின்சாரத்தை மாற்றிவிடும் டி.சி. மோட்டாரை வில்சன், டிரிக்கி என்ற இருவர் 1962-இல் விவரித்திருந்தார்கள். பிரஷ் போனதால் தண்டின் இடத்தைச் சொல்ல வேறொருவர் வேண்டுமே! அந்த வேலை மூன்று ஹால் சென்சார்களுக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றும் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொல்லும். மொத்தம் எட்டு வகைப் பதில்கள் சாத்தியம் என்றாலும் வழக்கமான அமைப்பில் ஆறுதான் வரும். மூன்றும் 'ஆம்' என்றாலோ மூன்றும் 'இல்லை' என்றாலோ ஏதோ ஒன்று பழுது. மின்சார ஸ்கூட்டர் பழுது பார்க்கும் மெக்கானிக் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் இதிலும் கைவேலை மிச்சமிருந்தது. மூன்று சென்சார்களையும் சரியான இடைவெளியில் ஒட்டிப் பற்றவைக்கவேண்டும். ஒன்று சற்று நகர்ந்தாலும் மோட்டார் நடுங்கும். இந்தச் சிக்கலை ஒற்றைச் சில்லு தீர்த்தது. தண்டின் முனையில் பொத்தான் போன்ற ஒரு காந்தத்தை ஒட்டுகிறார்கள். அதற்கு எதிரே, சிறு இடைவெளி விட்டு, ஒரு சில்லு. அதற்குள் ஹால் உறுப்புகள் வட்டமாகப் பதிந்திருக்கின்றன. அவற்றின் இடைவெளியை எந்தத் தொழிலாளியும் அளக்கவேண்டாம். அச்சுத்தகட்டில் ஒருமுறை வரைந்தால் எல்லாச் சில்லுகளிலும் அப்படியே விழும். எதிரெதிர் உறுப்புகளின் அளவுகளைக் கழித்தால் வெளியிலிருந்து வரும் காந்தத் தொந்தரவு பெரும்பாலும் நீங்கிவிடும். காந்தத்தின் வடமுனையைக் குறிப்பிட்ட திசை பார்த்து ஒட்டவேண்டியதில்லை. எப்படி ஒட்டினாலும் சரி, 'இதுவே பூச்சியம்' என்று சில்லின் நினைவில் பிறகு எழுதிவிடலாம்.

சைனிலிருந்தும் கோசைனிலிருந்தும் கோணத்தை எடுக்க இத்தகைய பல சில்லுகள் கையாளும் கணக்கு முறைக்குக் கோர்டிக் என்று பெயர். பெருக்கலே கிடையாது. இடம் நகர்த்துவதும் கூட்டுவதும்தான். அதை 1950-களில் ஜேக் வோல்டர் உருவாக்கியது, பி-58 போர்விமானத்தின் வழிகாட்டிக் கணினியில் ரிசால்வர்களுக்கு மாற்றாக வைக்கத்தான். சுருளின் இடத்தில் கணக்கு உட்காரத் தொடங்கியது அப்போதே.

இந்த இடத்தில் ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுங்கள். பிரெஞ்சில் காந்தத்துக்கு 'எமான்' என்று பெயர். நேசிப்பது என்றும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். உண்மையில் காந்தத்தைக் குறிக்கும் சொல்லின் மூலம் வேறு, வைரம்போல் உறுதியானதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் 'காந்தம்' அப்படியல்ல. இரும்புக்குப் பிரியமானது என்ற பொருள்படும் 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சில் தற்செயலாக அமைந்த பொருள் நம்மிடம் நிஜமாகவே இருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். கருவி எளிதானது என்கிறோம். ஆனால் துல்லியம் மறைந்துவிடவில்லை. சுருள் சுற்றியவரின் விரல்களிலிருந்து அது அச்சுத்தகட்டுக்கும் கணக்குக்கும் இடம் மாறியிருக்கிறது. போர்விமானத்துக்கு மட்டும் கட்டுப்படியான காரியம் இன்று தெருவில் போகும் ஸ்கூட்டரில் இருக்கிறது. இது சின்ன லாபமல்ல. நஷ்டமும் உண்டு. சுருள் எரிந்தால் மறுபடி சுற்றித் தர ஊருக்கு ஒருவர் இருந்தார். சில்லு போனால் மாற்றத்தான் முடியும், பிரித்துப் பார்க்க உள்ளே ஒன்றுமில்லை.

காரின் ஸ்டீயரிங்குக்கு உதவும் மோட்டாரில், ஒன்று பழுதானால் மற்றொன்று காட்டிக்கொடுக்கட்டும் என்று ஒரே உறைக்குள் இரண்டு சில்லுகளை வைப்பதும் உண்டு. இவ்வளவு பாடுபட்டு ஒன்றாகக் குறைத்ததை உயிருக்கு ஆபத்து என்னும் இடத்தில் தெரிந்தே இரண்டாக்குகிறார்கள். எதை எளிதாக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ளவேண்டும் என்று அறிந்தவர்கள் செய்த வேலை அது.