கல் தாங்கும் அதிர்ச்சி

ராயக்கோட்டை மலையில் ஏறுகிறவருக்குப் பாறை எங்கே முடிகிறது, மதில் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவது எளிதன்று. 1791 ஜூலையில் மேஜர் கௌடியின் கும்பெனிப் படை திப்புவிடமிருந்து இக்கோட்டையைப் பறித்தது. பீரங்கிக் குண்டைக் கல் எவ்வளவு தாங்கும் என்பதை அன்று இரு தரப்பினரும் பட்டறிவால் மட்டுமே அறிந்திருந்தனர். அந்தக் கேள்வி கணக்காக மாறிய கதையில் நமக்கும் பங்குண்டு.

1870இல் ரேங்கினும் 1887இல் ஹ்யூகோனியோவும் அதிர்ச்சி அலைக்கு முன்னும் பின்னும் அழுத்தம், அடர்த்தி, ஆற்றல் ஆகியவற்றுக்குள்ள உறவைச் சமன்பாடுகளாக்கினர். 1950இல் வான் நாய்மனும் ரிக்ட்மையரும் அவ்வலையை எண்கணிப்பில் பின்தொடர வழி கண்டனர். எனினும் இக்கணக்குகள் பொருளை ஒரே சீரானதாகவே கொண்டன. கருங்கல்லோ அப்படிப்பட்டதன்று. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா என ஒவ்வொரு மணியிலும் அலை ஒவ்வொரு வேகத்தில் செல்கிறது. மணிகளின் எல்லைகளிலும் நுண்துளைகளிலும் தகைவு குவிகிறது. விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. கணினியின் ஆற்றல் பெருகிய பிறகே மணிகளைத் தனித்தனியே வரைந்து அவற்றின்மீது அலையை ஏவிப் பார்ப்பது இயன்றது.

1974 மே 18 அன்று பொக்ரானில் 107 மீட்டர் ஆழத்தில் அணுவெடிப்பு நிகழ்ந்தது. சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், சிக்கா, குப்தா ஆகியோர் அப்போது பாறையில் நிகழ்ந்தவற்றைக் கணினிக் கணக்கோடு பொருத்தி, 1985இல் ‘பிரமாணா’ ஆய்விதழில் எழுதினர். 1998 சோதனையில், அருகிலுள்ள கேதோலாய் கிராமத்து வீடுகளை மனத்தில் கொண்டே வெடிப்பின் அளவு வரையறுக்கப்பட்டதாகச் சிதம்பரம் கூறினார். ஆயினும் 2009இல், அச்சோதனையில் பங்கேற்ற கே. சந்தானம், வெப்ப அணுக்கருக் கருவி எதிர்பார்த்த அளவுக்கு வெடிக்கவில்லை என்றார். சிதம்பரம் அதை மறுத்தார்.

ஒரே நிலம், இரு அறிஞர்கள், இரு முடிவுகள். கணினி தானாக எதையும் அறிவதில்லை. கல்லைப் பற்றி நாம் சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்கிறது. அதில் நேரும் பிழை தாளோடு நிற்பதில்லை, யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் விரிசலாகவும் விழக்கூடும். ராயக்கோட்டையில் ஒரு மதிற்கல்லைத் தொடும்போது நாம் நினைத்துக்கொள்ள வேண்டியது இதுவே.