இருநூறு டாலர் முத்திரை

அமெரிக்காவில் சைலன்சரோ இயந்திரத் துப்பாக்கியோ குழல் குட்டையான ரைஃபிளோ வாங்குகிறவர், காசு கொடுத்த கையோடு அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. பொருள் கடைக்காரரின் இரும்புப் பெட்டியிலேயே இருக்கும். வாஷிங்டனின் கீழ் இயங்கும் ஓர் அலுவலகம் விண்ணப்பத்தைப் பார்த்து ஒப்புதல் தரும்வரை அதைக் கைமாற்றுவது குற்றம்; 10 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1934 ஜூன் 26 அன்று கையெழுத்திட்ட தேசியத் துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது.

சட்டத்தின் வேர் மதுவிலக்குக் காலத்தில் இருக்கிறது. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடப்பில் இருந்தபோது கள்ளச்சாராயக் கும்பல்கள் பெருநகரங்களைப் பங்குபோட்டுக்கொண்டன. முதல் உலகப் போருக்காக வடிவமைக்கப்பட்டு, போர் முடிந்தபின் சந்தைக்கு வந்த தாம்சன் என்ற இயந்திரத் துப்பாக்கி அவர்கள் கைக்குப் போனது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவின் ஒரு வாகனக் கொட்டகையில் 7 பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். சுட்டவர்களில் சிலர் போலீஸ் உடையில் வந்திருந்தார்கள். 1933 ஜூனில் கன்சாஸ் சிட்டி ரயில் நிலைய வாசலில் 4 காவல் அதிகாரிகளும் அவர்கள் அழைத்துவந்த கைதியும் கொல்லப்பட்டார்கள். ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் சட்ட வரைவோடு நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து நின்றது இந்தச் சூழலில்தான்.

துப்பாக்கியை நேராகத் தடைசெய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டா என்பது அன்று சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. வரி போடும் அதிகாரம் இருப்பதில் சந்தேகமே இல்லை. எனவே தடையை வரியின் வேடத்தில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் 200 டாலர் வரி. தாம்சன் துப்பாக்கியின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். கருவூலத்துக்குப் பணம் சேர்ப்பது இதன் நோக்கம் அல்ல. யாரும் வாங்காமல் இருந்தால் வரிக்கு முழு வெற்றி. 1937-ல் சொன்சின்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், வருவாய் தரும் வரி என்றால் அது வரிதான், அதன் பின்னால் உள்ள எண்ணத்தை நீதிமன்றம் தோண்டாது என்று சட்டத்தை நிலைநிறுத்தியது.

முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. நீளத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கிபோல் ஆக்கி யாரும் சட்டத்தை ஏய்த்துவிடக் கூடாது என்பதற்காகக் குட்டைக் குழல்களையும் சேர்த்தார்கள். தேசிய ரைஃபிள் சங்கத்தின் எதிர்ப்பால் கைத்துப்பாக்கி பட்டியலிலிருந்து விழுந்தது. அதற்குக் காவலாக வைத்த குட்டைக் குழல் விதி மட்டும் தங்கிவிட்டது. இன்றும் ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் விண்ணப்பம், கைரேகை, காத்திருப்பு. அதே தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கிக்கு இவை எதுவும் வேண்டாம். ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-ல் காப்புரிமை பெற்று, தபாலிலும் இரும்புக் கடைகளிலும் விற்றுவந்த சைலன்சரும் பட்டியலில் ஏறியது. அது ஏன் சேர்க்கப்பட்டது என்பதற்கு விசாரணைப் பதிவுகளில் விளக்கம் ஏறக்குறைய இல்லை.

நடைமுறை எளிமையானது. விற்பவர் படிவத்தை இரண்டு பிரதிகளில் அனுப்புவார். ஒப்புதலானால் ஒன்றில் முத்திரை வில்லை ஒட்டித் திரும்பிவரும். ரசீதில் ஒட்டும் ரெவின்யூ ஸ்டாம்பின் இனம்தான் அது, மதிப்பு மட்டும் நெடுங்காலம் 200 டாலராக இருந்தது. ஆனால் எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. சாதாரணத் துப்பாக்கிக்கு, பின்னணிச் சோதனையின் முடிவு 3 வேலை நாளில் வராவிட்டால் கடைக்காரர் பொருளைக் கொடுத்துவிடலாம். இங்கே அப்படி ஒரு கதவு கிடையாது. விண்ணப்பம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தாலும் சட்டப்படி பிழை இல்லை.

நெடுங்காலம் இது பெரிய குறையாகத் தெரியவில்லை, விண்ணப்பித்தவர்கள் குறைவு என்பதால். 1968-ல் ஹேன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் ஒரு காலான பதிவுக் கட்டாயத்தை உடைத்தது. பதிவில்லாத துப்பாக்கி வைத்திருப்பவரைப் பதிவுசெய்யச் சொல்வது, தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுக்கச் சொல்வதாகும் என்பது தீர்ப்பு. அதே ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. நவம்பர் 2 தொடங்கி 30 நாள் பொதுமன்னிப்பு தந்தார்கள். அதற்குள் பதியாதவற்றைப் பின்னர் வைத்திருப்பவர் பதியவே முடியாது என்றாயிற்று. 1986 மே 19-க்குப் பின் பதிவான இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வாங்கத் தடை வந்தது. அதற்கு முன் பதிவானவை மட்டுமே இன்றும் கைமாறுகின்றன. புதிது சேராததால் பழையவற்றின் விலை பல்லாயிரம் டாலராக ஏறிவிட்டது. 200 டாலர் வரி அதன் பக்கத்தில் சில்லறை.

உண்மையில் அந்த வரி எல்லாப் பக்கமும் கரைந்தது. 1934-ன் 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,500 டாலருக்கு மேல். சட்டமோ தொகையை உயர்த்தவே இல்லை. சம்பளக்காரரும் வாங்கத் தொடங்கினார், முக்கியமாகச் சைலன்சரை. இன்று 42 மாநிலங்களில் அதை வைத்திருக்கலாம். வரி தடுக்காதவர்களைக் காலம் தடுக்கத் தொடங்கியது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்ததாகத் தெரியவில்லை. விண்ணப்பங்கள் பெருகின, பார்க்கும் கைகள் அதே வேகத்தில் பெருகவில்லை.

வரி வசூல் துறையின் ஒரு மூலையில் இருந்த இந்த வேலை 1972-ல் மது, புகையிலை, துப்பாக்கிகளுக்கான தனிப் பணியகமான ஏ.டி.எஃப். வசம் வந்தது, 2003-ல் அந்தப் பணியகம் நீதித் துறையின் கீழ் போனது. படிவங்களைப் பரிசீலிப்பவர்கள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிறார்கள். அங்கே போகும் உறையில் கைமாற்றத்துக்கான படிவம் 4, இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படம், பத்து விரலும் உருட்டிப் பதித்த இரண்டு கைரேகை அட்டைகள் இருக்கும். குற்றவாளிகளின் அட்டை சிவப்பில் அச்சாகும், விண்ணப்பதாரர்களுடையது நீலத்தில். மை குறைந்தாலும் கூடினாலும் ரேகை தெளியாது, அட்டை திரும்பிவிடும்.

2016 வரை உள்ளூர் ஷெரீஃப் அல்லது காவல் தலைவரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள், சிலர் யாருக்கும் போட மாட்டேன் என்றார்கள். சட்டம் எங்கும் ஒன்று, பேனா ஊருக்கு ஊர் வேறு. வக்கீல்கள் அதற்கு வழி கண்டார்கள். தனி மனிதருக்குத்தானே கையெழுத்து, டிரஸ்ட் பெயரில் வாங்கினால் வேண்டாமே! கைரேகையும் தேவைப்படவில்லை. துப்பாக்கி டிரஸ்ட் எழுதித் தருவதே தனித் தொழிலானது. 2016 ஜூலை 13 முதல் புதிய விதி, காவல் தலைவருக்குத் தகவல் அனுப்பினால் போதும் என்றது. பதிலுக்கு டிரஸ்டின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகை தர வேண்டும் என்றது. அந்தத் தேதிக்கு முன் குவிந்த விண்ணப்பங்களை முடிக்க ஓராண்டுக்கு நெருக்கமாக ஆயிற்று.

காத்திருப்பவர்களிடையே ஒரு பேச்சுவழக்கு உண்டு: பொருள் “சிறையில்” இருக்கிறது என்பார்கள். கடைக்குச் சொந்தமான சுடுதளம் இருந்தால், கடைக்காரரின் மேற்பார்வையில் போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அதை “சிறைச் சந்திப்பு” என்பார்கள். முழு விலையும் கட்டியாயிற்று, பொருளும் கண்ணெதிரே இருக்கிறது, வீட்டுக்கு மட்டும் வராது. வாரிசுகளுக்கும் இதே விதி. இறந்தவரின் பதிவான துப்பாக்கியை வாரிசு பெற வரி கிடையாது. ஆனால் அதற்கும் படிவம் 5 உண்டு, ஒப்புதல் வரும்வரை காத்திருப்பும் உண்டு.

கணினி வந்ததும் உடனே விடிந்துவிடவில்லை. 2013-ல் தொடங்கிய இணையவழி முறை சுமை தாங்காமல் திணறியதால் 2014 ஏப்ரலில் படிவம் 4 அதிலிருந்து எடுக்கப்பட்டது. மறுபடி வந்தது 2021 டிசம்பரில். அதன் பிறகும் ஆறேழு மாதம் காத்தவர்கள் ஏராளம். 2024-ல்தான் நிலைமை தலைகீழானது. தனி நபரின் இணைய விண்ணப்பங்கள் பல, சில நாட்களிலேயே ஒப்புதல் பெற்றன. சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. விண்ணப்பங்களை வரிசைப்படுத்தும் முறை மாறியதே போதுமாயிருந்தது. அதுவரை கழிந்த மாதங்களில் பெரும்பகுதி சோதனைக்காகச் செலவாகவில்லை, வரிசையில் நின்றே கழிந்தது என்றுதான் இதற்குப் பொருள்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் கைமாற்று வரியைப் பூஜ்யமாக்கியது. இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு போன்ற அழிவுக் கருவிகளுக்கும் 200 டாலர் தொடர்கிறது. வரியே இல்லாதபோது வரிச் சட்டத்தின் பேரில் பதிவு கேட்கலாமா என்று நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. சைலன்சர் வாங்குகிறவர் இப்போது வரியாகக் கட்ட வேண்டியது 0 டாலர். புகைப்படமும் பத்து விரல் ரேகையும் ஒப்புதலும் முன்போலவே வேண்டும்.