ஒரே துறை, ஒரே சதுக்கம்

உலகத்துக்கு கிரிம் சகோதரர்கள் என்றால் தேவதைக் கதைகள். நான் படித்த கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலோ அவர்கள் வேலை பறிக்கப்பட்ட பேராசிரியர்கள். ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் படிக்கும் ஜெர்மானிஸ்டிக் துறை அப்போது கைக்குழந்தை. பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்தும் இலக்கணம் எழுதியும் அதை வளர்த்தவர்கள் இவர்கள். 1837-இல் ஹனோவர் மன்னர் எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் அரசியல் சாசனத்தை ரத்து செய்தார். அதன்மேல் செய்த சத்தியத்தை மீற மாட்டோம் என்று ஏழு பேராசிரியர்கள் கையெழுத்திட்டார்கள். ஏழு பேருக்கும் வேலை போயிற்று. யாக்கோப் கிரிம் உட்பட மூவரை மூன்றே நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள்.

பிழைப்பு போன அந்த நேரத்தில்தான் சகோதரர்கள் ஜெர்மன் அகராதி வேலையை ஏற்றார்கள். 1854-இல் முதல் தொகுதி வந்தது. வில்ஹெல்ம் 1859-இல் இறந்தார். 1863-இல் யாக்கோப் இறந்தபோது எஃப் எழுத்தில், பழம் என்று பொருள்படும் சொல்லில் நின்றிருந்தார். நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் கிழக்கு பெர்லினும் கோட்டிங்கனும் சேர்ந்தே உழைத்து, 1961-இல் 32 தொகுதிகளாக முடித்தன. நூலக அலமாரியில் அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனால் இதே துறைக்கு 1933 மே 10-உம் சொந்தம். அன்றிரவு பெர்லின் ஓப்பரா சதுக்கத்தில் மாணவர்கள் புத்தகங்களை எரித்தார்கள். அங்கே முழங்கிய நாஜி அமைச்சர் கோயபல்ஸ், ஹைடல்பெர்க்கில் ஜெர்மன் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அவருக்கு வழிகாட்டிய மாக்ஸ் ஃபான் வால்ட்பெர்க் யூத வம்சாவளியினர். கூட்டத்துக்குள் நின்றிருந்த எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னரும் லைப்சிக்கில் இதே துறையில் முனைவரானவர்தான். தன் பெயரைக் கூவித் தன் புத்தகங்களை நெருப்பில் எறிவதைக் கண்ணால் பார்த்தார். ‘அதோ கெஸ்ட்னர்’ என்று ஒரு பெண் கத்தவும், அங்கிருந்து நழுவினார். கோட்டிங்கனிலும் அன்று தீ எரிந்தது. உரையாற்றிய கெர்ஹார்ட் ஃப்ரிக்கே இலக்கியம் கற்பித்தவர். இலக்கியம் படித்தவன் இதைச் செய்யமாட்டான் என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் நாஜி காலப் பேராசிரியர்கள் பலர் அதே நாற்காலிகளில் நீடித்தார்கள். 1966-இல் மியூனிக்கில் கூடிய ஜெர்மானிஸ்டிக் மாநாட்டில்தான் எபர்ஹார்ட் லெம்மர்ட் போன்ற இளையவர்கள் தங்கள் துறையையே கூண்டில் ஏற்றினார்கள். அந்த உரைகள் 1967-இல் சிறு நூலாக வந்தன. எங்கள் ஆசிரியர் பழைய ஜெர்மன் இலக்கணத்தைத் தொடுவதற்கு முன்பே அந்த நூலை எங்கள் கையில் கொடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.