கூலியற்ற உழைப்பும் மறைமுக விளம்பரமும்: விக்கிப்பீடியாவின் வரலாறு குறித்து

விளம்பரத்தின் வரலாற்றை நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். வாசகர் எதனை நம்புகின்றனரோ, அதனுள் நுழைந்துகொள்ளவே மூலதனம் எப்பொழுதும் முயன்று வந்துள்ளது. பத்திரிகைகளில் செய்தியின் தோற்றத்தில் விளம்பரம் வெளிவந்தமை இதற்குச் சான்று. தொண்டர்கள் நடத்தும் இணையக் களஞ்சியங்களில் இப்போக்குப் பெற்றுள்ள புதிய வடிவத்தை விக்கிப்பீடியாவின் வரலாற்றினூடாக ஆராய்வோம்.

2001 ஜனவரியில் அக்கலைக்களஞ்சியம் தோன்றியபோது அதனை நடத்தியது பொமிஸ் என்னும் வணிக நிறுவனமாகும். அதில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்ற கருத்து வெளிப்பட்டதும், 2002 பெப்ரவரியில் ஸ்பானிய மொழித் தொண்டர் பலர் வெளியேறி, செவிய்யா பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினர். தமது உழைப்பின் பயன் பிறர் இலாபமாவதை மறுத்த இச்செயலை ஒருவகை வேலைநிறுத்தம் எனலாம். 2003 இல் இலாப நோக்கற்ற விக்கிமீடியா அறக்கட்டளை நிறுவப்பட்டது. வெளிப்படையான விளம்பரத்துக்கு அங்கு இடமளிக்கப்படவில்லை.

ஆயின், இவ்வெற்றியே புதியதொரு முரண்பாட்டையும் தோற்றுவித்தது. விளம்பரமின்மை நம்பகத்தன்மையை வளர்த்தது. நம்பகத்தன்மை விலைபெறும் சரக்காயிற்று. பணம் பெற்றுக் கட்டுரை எழுதும் நிறுவனங்கள் தோன்றின. 2013 இல் விக்கி-பிஆர் என்னும் நிறுவனத்துடன் தொடர்புடையவை எனக் கருதப்பட்ட 250க்கு மேற்பட்ட கணக்குகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் முடக்கப்பட்டன. பணம் பெற்று எழுதுவோர் தம்மை அமர்த்தியவரை வெளிப்படுத்தல் வேண்டும் என்ற விதி 2014 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. எனினும் 2015 இல் ‘ஒரேஞ்ச்மூடி’ எனப் பெயரிடப்பட்ட வலையமைப்பின் 381 கணக்குகள் கண்டறியப்பட்டன. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. ஏற்றுக்கொள்ளப்படாத கட்டுரைகளுக்குரிய சிறு வணிகர்களையும் கலைஞர்களையும் அணுகி, அவற்றை வெளியிடவும், வெளியிட்டபின் பாதுகாக்கவும் அவர்கள் பணம் கோரினர்.

இதனைத் தனிமனித ஒழுக்கக் குறைவாக மட்டும் கொள்வது போதாது. வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பார்வையாளரையே சரக்காக்கி விளம்பரதாரருக்கு விற்கின்றன என டலஸ் ஸ்மைத் 1977 இல் வாதிட்டார். இங்கோ, தொண்டரின் கூலியற்ற உழைப்பால் உருவாகிய நம்பிக்கையே விற்கப்படுகின்றது. விற்பவர் அதனை உருவாக்கியவரல்லர். மேலும், மறைவாகப் புகுத்தப்பட்டதைத் தேடிக் களையும் சுமையும் பெரும்பாலும் அத்தொண்டர் மீதே விழுகின்றது. கூலி பெறுபவன் அழிப்பதைக் கூலி பெறாதவன் சீர்செய்கின்றான். வெளிப்படுத்தல் விதி நேர்மையானவரைக் கட்டுப்படுத்துமேயன்றி, மறைந்து நிற்பவரைத் தானாகக் காட்டித் தராது.

2003 இல் தொடங்கி, ஈழத்தவரும் தமிழகத்தவரும் இணைந்து வளர்த்த தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் இவ்வரலாறு பொருந்தும். தொண்டர் தொகை குறைந்த மொழியில் கண்காணிக்கும் கண்களும் குறைவு. ஆதலின் பொதுச்சொத்தான அறிவைப் பேணுதல், எழுதுவோரின் கடமையாக மட்டுமன்றி, அதனைப் பயன்படுத்தும் நம்மனைவரின் கடமையாகவும் கொள்ளப்படல் வேண்டும். ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, இஃது எவருடைய நலனுக்காக எழுதப்பட்டது என வினவுதலே அக்கடமையின் தொடக்கமாகும்.