பொட்டியின் பழைய தழும்பு

பொட்டி தட்டுற மக்களே, 32 பிட் லினக்ஸ் ஓடுற பழைய பொட்டி பரண்ல கிடந்தா எடுத்து, டெர்மினல்ல 'கேட் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ'ன்னு அடிச்சுப் பாருங்க. ப்ராசஸர் பேரு, வேகம், கேஷ் இதோட 'எஃப்டிவ்_பக்: நோ'ன்னு ஒரு வரி வரும். அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு.

1994. அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களை வைத்துக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். விடை உதைத்தது. மாசக்கணக்கா தன் ப்ரோக்ராமில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, கடைசியில் கண்டுபிடித்தார்: தப்பு இன்டெல் பென்டியத்தில். வகுத்தலுக்காகச் சில்லில் பதித்த அட்டவணையில் சில இடங்கள் விட்டுப் போயிருந்தன.

துல்லியக் கணக்கு தேவைன்னு காட்டுறவங்களுக்கு மட்டும்தான் புதுச் சில்லுன்னு இன்டெல் முதல்ல முரண்டு பிடிச்சது. சனங்க விடலை. டிசம்பரில் கேட்டவருக்கெல்லாம் மாற்றித் தர இறங்கி வந்தது. ஆன செலவு 47.5 கோடி டாலர்!

லினக்ஸ் அதை மறக்கலை. பொட்டி கிளம்பும்போதே ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்துத்தான் அந்த வரியை எழுதும். இப்போ பல பொட்டிகளில் 'பக்ஸ்' என்ற வரியில், 2018ல் வெளியே வந்த மெல்ட்டௌன், ஸ்பெக்டர் பெயர்களும் நிற்கின்றன.

அட்டைப்பெட்டியில் அச்சடிக்காததை இந்தக் கோப்பு சொல்லிடுது. காசு கொடுத்தவனுக்குத் தெரியணும்ல?